செல்ஃப் எடுக்குமா தாத்தா லாரி?

'பிரான்ஸ் டூர்' என்றதும் உங்க மனசுல என்ன ஓடுது? ஈஃபிள் டவர், மோனாலிசா, வீட்டுக்கு ஒரு பாட்டில் சென்ட்... அதானே? தாராளமா பாருங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா, மெக்கானிக்கல் படிக்கிற மகா ஜனங்களும், பழைய பைக்கைப் பார்த்தாலே ஸ்பானரோடு உட்கார்ந்துவிடும் மத்த டிபார்ட்மென்ட் மக்களும் ஒரு ரெண்டு நாளை மிச்சம் வெச்சுக்கோங்க. பாரிஸில் சான் லசார்னு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. அங்கே ஷெர்பூர் போற ரயிலில் ஜன்னல் சீட்டா பார்த்து உட்காருங்க. கான், பாயு, காரன்டான் என்று வரிசையா ஊர்கள் வரும். வெளியே ஆப்பிள் தோப்பு, கொழுகொழு பசுமாடுகள், மண்கரை எழுப்பி அதுமேல மரமும் புதருமா வளர்த்த வேலிகள். இதுதான் நார்மண்டி!

பார்க்க அவ்வளவு சாதுவான ஊர். ஆனா, 1944 ஜூன் 6-ம் தேதி அமெரிக்கா, பிரிட்டன், கனடா நாட்டுப் படைகள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒரே நாளில் வந்து இறங்கினது இங்கேதான். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் ஆரம்பத்தில் கடலே சிவப்பாகுமே, அந்த ஒமாஹா பீச் இந்தக் கரையில்தான் இருக்கு.

வருஷா வருஷம் ஜூன் முதல் வாரத்தில் இங்கே போனீங்கன்னா ஒரு வேடிக்கை பார்க்கலாம். கிராமத்துச் சந்துகளில் திடீர்னு ஒரு உறுமல். முதல்ல நாலு ஜீப். பின்னாடியே கேன்வாஸ் கூடாரம் போட்ட, பத்து சக்கரம் வெச்ச பச்சை லாரிகள், பானட்டில் வெள்ளை நட்சத்திரத்தோடு வரிசையா வரும். எல்லாமே இரண்டாம் உலகப் போர் காலத்து வண்டிகள். ஐரோப்பா முழுக்க இருக்கிற ஆர்வலர்கள், சொந்தக் காசைப் போட்டு உயிர் கொடுத்து ஓட்டிட்டு வர்றாங்க. எண்பது வயசைத் தாண்டின தாத்தாக்கள், செல்ஃப் அடிச்சதும் கிளம்புது!

எப்படி பாஸ் ஓடுது? அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம். கூடவே, அந்த லாரியை யார் ஓட்டினாங்க என்ற கேள்வியும் இருக்கு. ரெண்டும் வேற வேற விஷயம் மாதிரி தெரியும். கடைசியில் ஒரே இடத்துல வந்து நிக்கும், பாருங்க.

இவர்தான் ஹீரோ!

லாரியோட பேர் ஜி.எம்.சி. - சி.சி.கே.டபிள்யூ. ஏதோ பாஸ்வேர்டு மாதிரி இருக்கா? ரொம்ப சிம்பிள். முதல் 'சி', 1941-ம் வருஷ டிசைன். அடுத்த 'சி', மூக்கு நீட்டின சாதாரண கேபின். 'கே', முன் சக்கரத்துக்கும் பவர் உண்டு. 'டபிள்யூ', பின்னாடி இருக்கிற ரெண்டு ஆக்ஸிலுக்கும் பவர் உண்டு. ஆக, மூணு ஆக்ஸிலும் இழுக்கும். சேறோ மணலோ, புகுந்து வந்துடும். அமெரிக்க சோல்ஜர்கள் செல்லமா 'ஜிம்மி' என்று கூப்பிட்டாங்க. ரெண்டரை டன் லாரி என்பதால் 'டூஸ் அண்ட் எ ஹாஃப்' என்று இன்னொரு பட்டப் பேரும் உண்டு.

உள்ளே இருக்கிறது ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 4.4 லிட்டர். ஐந்து கியர். உச்ச வேகம் மணிக்கு 72 கிலோ மீட்டர்தான். மைலேஜ் கேட்காதீங்க... லிட்டருக்குச் சுமார் மூணு கிலோ மீட்டர்! 1941 முதல் 1945 வரைக்கும் இந்தக் குடும்பத்து வண்டிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராச்சு. தண்ணியிலும் தரையிலும் போகும் 'டக்' என்ற வண்டிகூட இதே இன்ஜினை வயித்துல வெச்ச அண்ணன் தம்பிதான்.

போர் முடிஞ்சதும் இத்தனை லாரியையும் திரும்பக் கப்பல் ஏத்தவா முடியும்? நிறைய வண்டிகள் ஐரோப்பாவிலேயே தங்கிடுச்சு. பிரெஞ்சு ராணுவம் ஆயிரக்கணக்கில் எடுத்து, ஒர்க்ஷாப்பில் பிரிச்சு மேய்ஞ்சு, மறுபடி பூட்டி, பல வருஷம் ஓட்டுச்சு. மீதியை மரம் ஏத்துறவங்க, தீயணைப்பு நிலையம், விவசாயிகள் என்று ஆளாளுக்கு வாங்கினாங்க. வேலை முடிஞ்சதும் என்ன ஆகும்? கொட்டகையில் ஒரு மூலை. மேலே வைக்கோல். சீட்டுக்குள்ளே எலிக் குடும்பம். அப்படியே இருபது, முப்பது வருஷம் தூக்கம்!

கை பரபரன்னுதா? அடக்குங்க!

இப்ப கற்பனை பண்ணிக்கோங்க. அப்படி ஒரு கொட்டகைக் கதவு உங்களுக்காகத் திறக்குது. உள்ளே ஜிம்மி. உடனே என்ன செய்யத் தோணும்? புது பாட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை ஒரு மிதி மிதிக்கத் தோணும். அந்த ஒரு மிதியில் வண்டியைக் கொன்னுடலாம் பாஸ்!

காரணம் இருக்கு. வருஷக்கணக்கா நின்ன இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் வெச்சு முரட்டுத்தனமா சுத்தினா ரிங் உடையும், சிலிண்டர் கீறும். வால்வும் அதே கதைதான். ஏதாவது ஒண்ணு திறந்த நிலையில் சிக்கியிருந்தா, புஷ் ராடு வளைஞ்சு போகும்.

அதனால அனுபவசாலிகள் செய்யறது இதுதான். ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டுவாங்க. அந்த ஓட்டை வழியா சிலிண்டருக்குள்ளே துரு இளக்குற எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துவாங்க. அப்புறம்... காத்திருப்பாங்க. ஒரு நாள் இல்லை, பல நாள். நடுவில் மேல் மூடியைக் கழட்டி, பன்னிரண்டு வால்வுக்கும் எண்ணெய் விட்டு, ஒவ்வொண்ணும் மேலேயும் கீழேயும் அசையுதான்னு பார்ப்பாங்க. ஜிம்மிக்கு முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுத்துற வசதி உண்டு. அதைப் போட்டுக் கையாலேயே மெதுவா... ரொம்ப மெதுவா அசைச்சுப் பார்க்கணும். எங்கேயாவது முட்டினா அங்கேயே ஸ்டாப். திரும்பவும் எண்ணெய், திரும்பவும் காத்திருப்பு.

இன்னொரு எமன், பனி. நார்மண்டி குளிரில் இன்ஜினுக்குள்ளே தண்ணி தங்கியிருந்தா அது ஐஸாகி விரியும். விரிஞ்சா இரும்பு பிளாக்கே வெடிச்சிடும். ஆயில் சேம்பரைத் திறந்ததும் ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தா, எங்கேயோ தண்ணி உள்ளே வந்திருக்குன்னு அர்த்தம். இன்ஜின் ஆயிலோடு விடாதீங்க. கியர் பாக்ஸ், பவரை மூணு ஆக்ஸிலுக்கும் பிரிச்சுக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், மூணு டிஃபரன்ஷியல்... ஐந்து இடத்திலும் தனித்தனியா திறந்து பார்க்கணும்.

பெட்ரோல் கதை தனி. டேங்க் கொள்ளளவு சுமார் 150 லிட்டர். வருஷக்கணக்கில் நின்ன பெட்ரோல், வார்னிஷ் மாதிரி பிசினாகிடும். டேங்க்கை இறக்கி, துருவை அலசி, பைப்புகளை மாத்தி, கார்புரேட்டர் ஜெட்டுகளை ஒவ்வொண்ணா சுத்தம் செய்யணும். பெட்ரோல் பம்ப்புக்குள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அந்தக் காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகவே ஆகாது. பிரான்ஸில் 10 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளில் சர்வ சாதாரணம். நம்ம ஊரில் 20 சதவிகிதம் வரை வந்தாச்சு. அதனால டயாஃப்ரம், பைப் எல்லாமே எத்தனாலைத் தாங்குற புது ரகமா பார்த்துப் போடணும். உங்க தாத்தாவோட பழைய ஸ்கூட்டரைத் தூசி தட்டி ஓட்டப் போறீங்களா? இதே பாடம் அதுக்கும் பொருந்தும்.

ஓட்டுறது ஈஸி... நிறுத்துறது?

இப்ப ஒரு முக்கியமான ரூல். இன்ஜின் ஸ்டார்ட் ஆகுறதுக்கு முன்னாடியே பிரேக் ரெடியாகணும். நாலரை டன் எடையுள்ள வண்டி ஓடலைன்னா ஒண்ணும் நஷ்டமில்லை. நிக்கலைன்னா?

ஜிம்மியோடது ஹைட்ராலிக் பிரேக். ஆறு வீல் சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். இன்னிக்குக் கார்களில் பிரேக் லைனை ரெண்டா பிரிச்சிருப்பாங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ஜிம்மியில் அந்தப் பேச்சே இல்லை. ஒரு இடத்துல பைப் வெடிச்சா மொத்தமும் காலி! பிரேக் ஆயிலுக்குக் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற குணம் வேற உண்டு. அதனால நின்ன வண்டியில் சிலிண்டர் எல்லாம் உள்ளேயே துருப்பிடிச்சு இறுகியிருக்கும். முழு லைனையும் மாத்துறது தவிர வேற வழியே இல்லை.

டிரம்மைக் கழட்டும்போது இன்னொரு உஷார். உள்ளே படிஞ்சிருக்கிற கறுப்புத் தூசியை ஏர் பைப் வெச்சு 'உஸ்'னு ஊதத் தோணும். ஊதாதீங்க! அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நுரையீரலுக்குள்ளே போனா, எத்தனையோ வருஷம் கழிச்சுப் புற்றுநோயா வந்து நிக்கும். ஈரத் துணியில் துடைச்சு, மூடின பையில் போட்டு அகற்றணும். முகத்தில் அதுக்கான மாஸ்க் கட்டாயம்.

டயர் விஷயத்திலும் வீரம் வேண்டாம். முன்னாடி ரெண்டு, பின்னாடி எட்டு, ஆக மொத்தம் பத்து டயர். நின்ன இடத்திலேயே வெடிப்பு விட்டிருக்கும். வீலில் டயரைப் பிடிச்சு வெச்சிருக்கிறது ஒரு இரும்பு லாக் ரிங். அது சரியா உட்காராம காத்து அடிச்சா, தெறிச்சு வந்து ஆளையே அடிச்சுப் போட்டுடும். அதனாலதான் இந்த மாதிரி வீலை இரும்புக் கூண்டுக்குள்ளே வெச்சுக் காத்து அடிக்கணும் என்பது விதி. நம்ம ஹைவே பஞ்சர் கடை அண்ணன்களுக்கு இந்த லாக் ரிங் பத்தி நல்லாவே தெரியும். கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்வாங்க.

ஒயரிங்? அந்தக் காலத்து ஒயரைச் சுத்தி இருக்கிறது பருத்தி நூல் உறை. எலிக்கு அது அல்வா! மொத்தமும் ஆறு வோல்ட் கணக்கு என்பதால், நம்ம பன்னிரண்டு வோல்ட் பாட்டரியை அப்படியே மாட்டினா பல்பு 'டப்'புன்னு போயிடும்.

இதெல்லாம் முடிஞ்சு, புது ஆயில், புது பெட்ரோல் ஊத்தி, பிளக் மாட்டுறதுக்கு முன்னாடி இன்ஜினைச் சும்மா சுத்த விட்டு, ஆயில் பிரஷர் மீட்டர் முள் நகருதான்னு பார்த்து... அப்புறம்தான் அந்த நிமிஷம். ஒரு இருமல், ரெண்டு இருமல், சைலன்சர் வழியா துருவும் புகையும் எலி வீட்டு மிச்சமும் பறக்க, 'தட தட தட'ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க... கொட்டகையில் இருக்கிற அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு.

ஓட்டும்போது இன்னொரு பரீட்சை இருக்கு. டபுள் கிளட்ச்! கிளட்ச் மிதிச்சு நியூட்ரல், விட்டு மறுபடி மிதிச்சு அடுத்த கியர். நேரம் தப்பினா கியர் பல்லு கடிக்கிற 'கரகர' சத்தம் ஊருக்கே கேட்கும். உங்க ஊர் பழைய லாரி டிரைவர் மாமாவைக் கூட்டிட்டுப் போனா, முதல் நாளே அசத்திடுவார்.

பெயின்ட்டுக்குக் கீழே...

இன்ஜின் முடிஞ்சது. இனிமே டிங்கரிங், பெயின்ட்டிங். இதுதான் சுலபம்னு நினைப்பீங்க. உண்மையில் இங்கேதான் மண்டை காயும்.

எம்ரி பேப்பர் எடுத்துக் கதவுல மெதுவா தேய்க்கிறாங்க. (பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். தண்ணி தொட்டுத் தேய்ங்க, மாஸ்க்கைக் கழட்டாதீங்க.) மேல் பூச்சு, தீயணைப்பு வண்டியா இருந்த காலத்துச் சிவப்பு. அதுக்குக் கீழே பிரெஞ்சு ராணுவத்தின் பச்சை. அதுக்கும் கீழே மங்கின ஆலிவ் பச்சை, அமெரிக்க ராணுவத்தோடது. இன்னும் பொறுமையா தேய்ச்சா, பானட் ஓரத்துல வெள்ளையா பதிவு எண் தலை காட்டும். சில வண்டியில் நட்சத்திரத்தோட ஒரு முனை தெரியும். மரத்தை அறுத்தா வளையம் தெரியுமே, அதே மாதிரி லாரிக்கும் வயசு வளையம்!

இப்ப கேள்வி... எந்த வளையத்தோடு நிறுத்தறது? 1944-க்குத் திரும்பணும்னா, சிவப்பையும் பிரெஞ்சுப் பச்சையையும் அழிக்கணும். அந்தத் தீயணைப்பு நிலையத்தில் இந்த வண்டி எத்தனையோ வீட்டைக் காப்பாத்தியிருக்கலாம். அந்தக் கதை போயிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு ஒர்க்ஷாப்பில் பிரிச்சுப் பூட்டினப்ப ஒரு வண்டியோட கேபின் இன்னொரு வண்டியோட சேஸிஸ் மேல உட்கார்ந்திருக்கும். இன்ஜின் மூணாவது வண்டியோடது. டேஷ்போர்டில் இருக்கிற தகட்டு நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப் போகாது. இதுல எது ஒரிஜினல்?

அதைவிடப் பெரிய கேள்வி. நட்சத்திரம் வரைஞ்சு 'நார்மண்டி 1944' என்று நிறுத்துற எல்லா லாரியும் அன்னிக்கு நார்மண்டியில் இருந்ததா? இல்லை. இத்தாலியில் ஓடினது இருக்கலாம், கப்பலை விட்டே லேட்டா இறங்கினது இருக்கலாம். அதனால, நேர்மையான ஆர்வலர்கள் ஒரு வேலை செய்யறாங்க. தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுக்கிறாங்க. கண்டுபிடிச்ச நம்பரை எழுதி வைக்கிறாங்க. சிலர், கதவுக்கு உள்பக்கம் ஒரு சதுரத்தைத் தொடாமலே விட்டுடுவாங்க, பழைய அடுக்குகள் எல்லாம் தெரியற மாதிரி. வண்டி பளபளன்னு ஆனாலும், அது பட்டது எல்லாம் அந்தச் சதுரத்துல இருக்கும்.

ஆனா, எத்தனை அடுக்கு தேய்ச்சாலும் கிடைக்காத ஒண்ணு இருக்கு. ஸ்டியரிங் பிடிச்ச ஆளோட பேர்!

சிவப்புப் பந்து எக்ஸ்பிரஸ்

அதைத் தெரிஞ்சுக்க, கடற்கரையை விட்டு உள்ளே சான் லோ என்ற ஊருக்கு வாங்க. 1944 ஜூனில் அமெரிக்க விமானங்களின் குண்டு வீச்சிலும், அப்புறம் நடந்த சண்டையிலும் இந்த ஊர் கிட்டத்தட்ட முழுசா நொறுங்கிப் போச்சு. விடுதலை செய்ய வந்தவங்க போட்ட குண்டில் செத்த உள்ளூர் ஜனங்களும் ஏராளம். இன்னிக்கு நீங்க பார்க்கிற தெருக்களில் பெரும்பகுதி, போருக்குப் பிறகு கட்டினது.

இங்கேர்ந்துதான் ஒரு சரித்திரம் கிளம்புச்சு. ஆகஸ்ட் மாசம் ஜெர்மன் படை பின்வாங்க, அமெரிக்கப் படைகள் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் பாரிஸைத் தாண்டி ஓடுது. டாங்கிக்கு பெட்ரோல் வேணும், பீரங்கிக்குக் குண்டு வேணும், ஆளுக்குச் சோறு வேணும். சரக்கெல்லாம் நார்மண்டி கரையில் குவிஞ்சு கிடக்கு. ரயிலில் அனுப்பலாம்னா, ஜெர்மன்காரங்களை முடக்கறதுக்காகத் தண்டவாளத்தையும் பாலத்தையும் இவங்களே குண்டு போட்டு உடைச்சாச்சு. மிச்சம் இருந்தது, லாரி மட்டும்தான்.

1944 ஆகஸ்ட் 25-ம் தேதி 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' ஆரம்பமாச்சு. அமெரிக்க ரயில்வேயில் அவசரச் சரக்குக்குச் சொல்ற பேர் அது. சான் லோவிலிருந்து ஷார்த்ரெ ஊர்ப் பக்கம் போக ஒரு ரோடு, திரும்பி வர இன்னொரு ரோடு. ரெண்டுமே ஒன்வே, வேற எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. வழிநெடுக சிவப்பு வட்டம் போட்ட போர்டு. ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர். ராப்பகலா ஓட்டம். ஆகஸ்ட் 29-ம் தேதி மட்டும் 132 கம்பெனிகளைச் சேர்ந்த 5,958 வண்டிகள் 12,342 டன் சரக்கைக் கொண்டு போய்க் கொட்டின.

ரூல்படி மணிக்கு 25 மைல்தான் வேகம். அதாவது, 40 கிலோ மீட்டர். வேகத்தை மட்டுப்படுத்த இன்ஜினில் கவர்னர் என்று ஒரு பூட்டு இருந்தது. நம்ம ஆளுங்க அதைக் கழட்டிப் போட்டுட்டுப் பறந்தாங்க! போர்முனைப் பக்கம் போனா, இரவில் ஹெட்லைட் போடக் கூடாது. பூனைக் கண் மாதிரி ஒரு கீற்று வெளிச்சம்தான். முன்னாடி போற வண்டியோட சின்ன சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கிட்டே மணிக்கணக்கில் ஓட்டணும். தூங்கி விழுந்தவங்க உண்டு, பள்ளத்தில் உருண்டவங்க உண்டு. நவம்பர் 16-ம் தேதி நிறுத்தறதுக்குள்ளே நாலு லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு போய்ச் சேர்ந்தது.

அந்த டிரைவர்களில் நாலில் மூணு பேர் கறுப்பின அமெரிக்கர்கள்.

ஏன் அவங்க? அன்றைய அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையருக்குத் தனிப் பிரிவு, கறுப்பருக்குத் தனிப் பிரிவு. துப்பாக்கி கொடுத்து முன்னால் நிறுத்த நம்பிக்கை இல்லாம, கறுப்பர்களில் பெரும்பாலானவங்களை மூட்டை தூக்க, துறைமுக வேலை பார்க்க, லாரி ஓட்ட என்று போட்டாங்க. 'சின்ன வேலை' என்று ஒதுக்கிக் கொடுத்த அந்த வேலை நின்னிருந்தா, மொத்தப் படையும் நடுரோட்டில் நின்னிருக்கும். ஜெயிச்சுட்டு ஊர் திரும்பினா அங்கே என்ன? தென் மாநிலங்களில் பஸ்ஸில் தனி சீட், குடிதண்ணிக் குழாயிலும் தனி வரிசை. படையில் இந்தப் பிரிவினையை ஒழிக்கச் சொல்லி அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்டதே 1948 ஜூலை 26-ம் தேதிதான்.

1952-ல் ஹாலிவுட் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்றே ஒரு படம் எடுத்துச்சு. ஹீரோ யார் தெரியுமா? ஜெஃப் சாண்ட்லர் என்ற வெள்ளைக்கார நடிகர். பிற்காலத்தில் ஆஸ்கர் வாங்கப் போற கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியருக்குத் துணைப் பாத்திரம். நாலில் மூணு பேரின் கதையில் ஹீரோ, அந்த நாலாவது ஆள்!

இந்தக் கதைக்கு நம்ம நாட்டிலும் ஒரு கிளை உண்டு. அஸ்ஸாமில் இருக்கிற லெடோவிலிருந்து பர்மா வழியா சீனாவின் குன்மிங் வரைக்கும் ஒரு ரோடு போட்டாங்க, லெடோ ரோடு. 1945 ஜனவரி 12-ம் தேதி லெடோவிலிருந்து கிளம்பின 113 வண்டிகள் பிப்ரவரி 4-ம் தேதி குன்மிங் போய்ச் சேர்ந்தன. மலையையும் காட்டையும் அறுத்து அந்த ரோட்டைப் போட்ட அமெரிக்க சோல்ஜர்கள் சுமார் 15,000 பேர். அவங்களிலும் பாதிக்கு மேல் கறுப்பின வீரர்கள். கூடவே ஆயிரக்கணக்கான உள்ளூர்த் தொழிலாளர்கள். மலேரியாவும் மண்சரிவும் கொண்டு போன உயிர்கள் ஏராளம். அங்கேயும் ஜிம்மிதான் ஓடுச்சு.

இரும்புக்கு மட்டும்தானா?

இப்ப ஜூன் மாசத்து ஊர்வலத்துக்குத் திரும்ப வாங்க. வண்டிகள் கனகச்சிதம். போல்ட் தலையில் இருக்கிற முத்திரை வரைக்கும் ஒரிஜினல் தேடி மாட்டியிருப்பாங்க. மெழுகுத் தாளில் சுத்தி, பெட்டியோடு பல்லாண்டு கிடந்த புது ஸ்பேர் பார்ட் ஒண்ணு சந்தையில் கிடைச்சா, லாட்டரி விழுந்த சந்தோஷம்! தப்பே இல்லை. இரும்பு மேல இவ்வளவு பாசம் வைக்கிறவங்க இல்லைன்னா, இந்த லாரி எல்லாம் எப்பவோ உருக்காலைக்குப் போயிருக்கும்.

ஆனா ஒரு லாரி எப்படி இருந்ததுன்னு இத்தனை துல்லியமா மீட்க முடியும்னா, அதை யார் ஓட்டினாங்க என்பதையும் மீட்க முடியணும் இல்லையா? தடயம் இல்லாம இல்லை. ராணுவமே எடுத்த போட்டோக்கள் இருக்கு. எந்தக் கம்பெனி எந்த ரோட்டில் ஓடுச்சு என்ற ஆவணங்கள் இருக்கு. வயசான டிரைவர்கள் பின்னாளில் கொடுத்த பேட்டிகள் இருக்கு. துரு தட்டுற மாதிரி, அதையும் யாராவது உட்கார்ந்து பொறுமையா தட்டணும். அவ்வளவுதான்.

அதனால நார்மண்டிக்குப் போனா, பளபளக்கிற ஒரு ஜிம்மி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு மட்டும் வந்துடாதீங்க. ஓனர்கிட்ட பேசுங்க. தன் வண்டி பத்திப் பேசச் சொன்னா விடிய விடிய பேசற கூட்டம் அது. இன்ஜின் நம்பர் கேளுங்க, பெயின்ட் அடுக்கு கேளுங்க. கடைசியில், "இதை ஓட்டினது யாருங்க?" என்றும் கேளுங்க. பதில் தெரிஞ்ச ஓனரா இருந்தா, அன்னிக்கு உங்களுக்கு யோகம். தெரியாதவரா இருந்தா, உங்க கேள்வி அவர் மண்டையில் ஏறிடும். அடுத்த ஜூனுக்குள்ளே தேட ஆரம்பிச்சுடுவார்.

விசா, டிக்கெட் எல்லாம் இப்போதைக்குப் பட்ஜெட்டில் இல்லையா? பரவாயில்லை. உங்க காலேஜ் ஆட்டோமொபைல் லேபில் பாதியா அறுத்து, சிவப்பும் மஞ்சளும் பூசி நிறுத்தின ஒரு பழைய லாரி இன்ஜின் இருக்கும். அது எந்த வண்டியோடது, எந்த ரூட்டில் ஓடுச்சு, யார் ஓட்டினாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க. லேப் அண்ணனுக்கு எப்படியும் ஒரு நூல் பிடி தெரிஞ்சிருக்கும். கண்டுபிடிச்சதை ஒரு அட்டையில் எழுதி, அந்த இன்ஜின் பக்கத்திலேயே தொங்க விடுங்க. குதிரைத் திறனை முதல் வரியில் எழுதுங்க. டிரைவர் பேரை ரெண்டாவது வரியில் எழுதுங்க!